பத்துக் கிலோ உப்பு எங்கே போகிறது? பாலாற்றங்கரையிலிருந்து ஒரு புறவிளைவுப் பாடம்

மாட்டுத்தோலை உரித்த சில மணி நேரத்துக்குள் அதில் உப்புப் போட்டாக வேண்டும். வேலூர் வெயிலில் அரை நாள் தாமதித்தாலே மயிர் கழன்று, தோல் நாறிவிடும். பிறகு எந்தத் தோல் மண்டியிலும் அது விலை போகாது. போடுகிற உப்பு, தோலின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு. 25 கிலோ தோலுக்குப் பத்துக் கிலோ உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புப் போடுகிறவர் தப்பு எதுவும் செய்யவில்லை. கிடைப்பதில் மலிவானது உப்பு, யாருக்கும் போடத் தெரியும், குளிர்சாதன அறை வேண்டாம், லாரியில் நான்கு நாள் ஆனாலும் சரக்கு கெடாது. அந்தத் தோல், தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூருக்கோ, வாணியம்பாடிக்கோ, பேரணாம்பட்டுக்கோ, ராணிப்பேட்டைக்கோ வந்து சேர்கிறது. அங்கே நடக்கும் முதல் வேலையே அந்த உப்பைக் கழுவி எடுப்பதுதான்.

கழுவிய உப்பு தண்ணீரோடு போகிறது. தண்ணீர் எங்கே போகிறது?

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை டி.டி.எஸ். என்கிறோம், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பார்கள். குடிநீரில் இது 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பத்துக் கிலோ என்பது ஒரு கோடி மில்லிகிராம். அதை 2,000-ஆல் வகுத்தால் 5,000. அதாவது ஒரு சொட்டு உப்பும் இல்லாத 5,000 லிட்டர் நீரை, குடிக்கத்தக்க எல்லையின் விளிம்புக்குக் கொண்டுபோக ஒரே ஒரு மாட்டுத்தோலின் உப்பு போதும். தினம் நூறு தோல் ஊறவைக்கும் ஒரு நடுத்தர ஷாப்பில் (தோல் பதனிடும் கூடத்தை இங்கே ஷாப் என்பார்கள்) நாளொன்றுக்கு ஒரு டன் உப்பு. வருடத்தில் 300 நாள் ஓடினால் 300 டன்.

இந்த 5,000 லிட்டரின் விலை தோலின் விலையில் இல்லை, ஷூவின் விலையிலும் இல்லை. உப்புப் போட்டவர், தோலை வாங்கியவர், பதனிட்டவர், ஐரோப்பாவில் அந்த ஷூவை மாட்டிக்கொண்டு நடப்பவர் என யாருடைய கணக்குப் புத்தகத்திலும் அது ஏறவில்லை. ஆற்றோரம் மூன்று கிலோமீட்டர் கிழக்கே கிணறு வைத்திருப்பவரின் தலையில் போய் விழுந்தது. ஒருவர் எடுக்கும் முடிவின் செலவோ பலனோ அந்தக் கொடுக்கல் வாங்கலில் சேராத மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர்வதற்குப் பொருளியலில் புறவிளைவு என்று பெயர். நல்ல புறவிளைவும் உண்டு: பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள் ஏரியைத் தூர்வாரினால் உங்கள் கிணற்றில் இரண்டடி தண்ணீர் கூடும், நீங்கள் ஒரு ரூபாய் கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனால் சண்டைக்கும் கோர்ட்டுக்கும் போவது கெட்ட வகைதான் என்பதால் அதையே அதிகம் பேசுகிறோம்.

ஷாப்புக்குள் என்ன நடக்கிறது

தோல் பதனிடுவதில் எந்தக் கட்டத்தில் எது வெளியே வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதிக் கதை தானே புரியும். முதலில் ஊறல். உப்பு, இரத்தம், சாணம் எல்லாம் கழன்று வரும் இந்த நீரின் டி.டி.எஸ். இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகும். அடுத்தது சுண்ணாம்பு: சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்த்தால் மயிர் கரைந்து கழலும். அழுகிய முட்டை நாற்றம் இந்தக் கட்டத்துடையது. பிறகு சதையைச் சீவி, சுண்ணாம்பை நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த நீரில் போடுவார்கள். அமிலம் மட்டும் போட்டால் தோல் உப்பிப் பாழாகும் என்பதற்காக இங்கே மறுபடியும் உப்பு. கடைசியாகக் குரோமியம் உப்பு போட்ட டிரம்மில் சுற்றினால், நீலம் பூத்த ஈரத்தோல் வெளியே வரும். ‘வெட் புளூ’ என்று தொழிலில் சொல்வது அதைத்தான். போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலில் ஏறாமல் நீரிலேயே நின்றுவிடும். அதை மீட்டெடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு மொத்தம் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும்.

குரோமியம் வருவதற்கு முன் இந்தப் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் கடுக்காயும்தான். குழியில் போட்டு வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமியத்தில் ஒரே நாளில் வேலை முடிகிறது, தோல் மெலிதாகவும் மென்மையாகவும் வருகிறது, வெந்நீர் பட்டாலும் சுருங்காது. 1970-களில் மத்திய அரசு பச்சைத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலும் தோல் பொருளும் அனுப்பச் சொன்னது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி, ஊருக்கு வேலை. முடிவு நியாயமானதுதான், பலனும் கிடைத்தது. ஆனால் டெல்லியில் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட மேசையில், வாணியம்பாடிக் கிணற்று நீரின் அளவு என்று ஒரு தாள் இருந்திருக்க வாய்ப்பில்லை. பட்டைக் காலத்தைப் பொற்காலமாக நினைக்கவும் வேண்டாம். பட்டைக்காகக் காடு மொட்டையானதும், கறுத்த பட்டைத் தண்ணீர் எளிதில் மட்காமல் கிடந்ததும் அதன் கணக்கில் உண்டு.

குரோமியத்தில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், இதில் பலரும் குழம்புகிறார்கள். தோல் ஷாப்பில் பயன்படுவது மூன்றிணைதிறன் குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது, நச்சும் ஒப்பீட்டில் குறைவு. ஆறிணைதிறன் குரோமியம் வேறு ஜாதி: நீரில் கரைந்து ஓடும், மஞ்சளாக நிறம் காட்டும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இந்த இரண்டாவது வகை. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. ஆலை ஓடியது இருபது வருடம். அதன் குவியலில் மழை இறங்கிய காலம் அதைவிட அதிகம். 2006-ல் ஒரு பன்னாட்டு அமைப்பு உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டை பெயரும் இருந்தது.

உப்பு மட்டும் ஏன் போவதே இல்லை

கழிவுநீரைச் சுத்திகரித்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சாணம், இரத்தம், மயிர் போன்றவற்றை நுண்ணுயிர் தின்னும். குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கலாம். உப்பை எதுவும் தின்னாது, எளிதில் படியவும் படியாது. உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வரும். ஊர் ஊராகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிய பிறகும் கிணறுகள் கரித்துக்கொண்டிருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிலத்தில் இறங்கிய உப்பு இரண்டு வேலை செய்யும். பயிரின் வேருக்குத் தண்ணீர் கிடைக்காமல் தடுப்பது ஒன்று. வயல் ஈரமாக இருக்கும், பயிர் வாடி நிற்கும். இன்னொன்று மெதுவானது, ஆனால் அதுதான் மோசமானது. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். சோடியம் வந்து கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பிடி விட்ட துகள்கள் நீரில் கரைந்து, காயும்போது மேலே பொருக்காகக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நல்ல மழையே பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காமல் தேங்கி நின்று ஆவியாகும். இப்படி ஆன நிலத்தை மீட்க ஜிப்சம் போட வேண்டும்; அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். எத்தனை மூட்டை என்பது மண் பரிசோதனை சொல்ல வேண்டிய விஷயம், பக்கத்து வயல்காரர் சொல்ல வேண்டியதில்லை. ஜிப்சம் போட்ட கையோடு நல்ல தண்ணீரை நிறைய தேக்கி, கழன்ற சோடியத்தை வேருக்குக் கீழே வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் போட்ட ஜிப்சம் வீண். அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கரிக்கிற கிணறு ஒன்றுதானே இருக்கிறது? மருந்து வாங்கலாம், மருந்தைக் குடிக்கத் தண்ணீர் கிடையாது என்கிற கதை.

காலதாமதத்தையும் கணக்கில் எடுங்கள். மணலிலும் வண்டலிலும் நிலத்தடி நீர் நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரைதான் நகரும். நாளுக்கு 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு கிலோமீட்டர் கடக்க 5,000 நாள், அதாவது ஏறக்குறைய பதினான்கு வருடம். 1975-ல் திறந்துவிட்ட நீரை 1989-ல் ஒருவர் இறைக்கிறார். “இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே” என்று ஷாப்புக்காரர் சொன்னால் அது பொய்யில்லை. ஷாப்பை மூடிய மறுவருடமே கிணறு தெளிந்துவிடும் என்று விவசாயி எதிர்பார்த்தால் அதுவும் நடக்காது.

பில்லை யாரிடம் கொடுப்பது

வேலூரைச் சேர்ந்த குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாக ஓர் ஆய்வை அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டுகிறது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். காரணம் இரண்டு கோட்பாடுகள்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் திருத்தும் செலவும் அவருடையது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இன்னொன்று. உறுதியான அறிவியல் சான்று வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மீட்க முடியாத கேடு வரக்கூடும் என்றாலே தடுக்கலாம். கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துகிறவருக்குப் போய்விடுகிறது. மேலே சொன்ன பதினான்கு வருடத் தாமதத்தை நினைத்துப் பாருங்கள், இந்தக் கோட்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். கிணறு கரித்த பிறகுதான் சான்று கிடைக்கும் என்றால், சான்று வரும்போது காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது.

பாதிப்பை அளக்க ஓர் ஆணையம் அமைந்தது. அது 2001-ல் 29,193 பேருக்கு ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய் கூட வரவில்லை. ஒரு போர் போடவே இது போதாது. வழக்கு அதோடும் ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பளித்து, இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றது. வழக்குத் தொடுத்தபோது நாற்பது வயதில் இருந்த விவசாயிக்கு அன்று எழுபத்து நான்கு. கோட்பாடு நல்ல கோட்பாடுதான். ஆனால் கெடுத்த பிறகு பில் அனுப்புவது எவ்வளவு மந்தமான வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்த இடத்தில் “அப்போ எல்லா ஷாப்பையும் இழுத்து மூட வேண்டியதுதானே” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முடிவுக்கும் புறவிளைவு உண்டு. காலையில் ஆம்பூர் சாலையில் நின்றால், ஷூ கம்பெனி வேன்கள் சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்களை வரிசையாக ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். நிலம் போன வீட்டிலிருந்து வேனேறுகிறவர்களும் அதில் உண்டு. ஒரு குடும்பத்தின் கிணற்றைக் கெடுத்த தொழிலே அந்தக் குடும்பத்தின் பெண்ணுக்குச் சம்பளமும் பி.எஃப்.பும் கொடுக்கிறது. தோலை ஒழி, தோலை வாழவை என்று இரண்டே கட்சியாக இதைப் பிரிப்பது மேடைக்கு வசதி, வாழ்க்கைக்கு உதவாது.

தீர்வு போய் விழும் இடம்

பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற ஏற்பாடு வந்தது. கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி, நல்ல நீரைப் பிரித்துத் தொழிலுக்கே திரும்ப எடுப்பார்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷின் செய்வதையே பெரிய அளவில் செய்வது. மிஞ்சும் கெட்டியான உப்புநீரைக் கொதிகலனில் சுண்டவைத்தால் உப்பு கையில் கிடைக்கும். ஏற்பாடு சரியாக நடந்தால் ஆறு தப்பிக்கும்.

அந்த உப்பை என்ன செய்வது? சமையல் உப்பும் சோடியம் சல்பேட்டும் அழுக்கும் கலந்த பழுப்பு உப்பு அது. அதை மறுபடி தோலுக்குப் போட்டால் தோல் கறைபடும். வாங்க ஆளில்லை. கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்குகிறார்கள். கூரை ஒழுகி மழை இறங்கினால் மறுபடி அதே நிலம், அதே கிணறு. சுண்டவைக்க எரிக்கும் எரிபொருளின் புகை தனி. சிறிய ஷாப்புகள் இந்தச் செலவைத் தாங்க முடியாமல் திணறியதும் உண்டு. படிந்த கசடுக்கும் இடம் தேட வேண்டும். 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் படுத்திருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஆம்பூர் கிணற்றைக் காப்பாற்ற எடுத்த முடிவின் வழியில் வங்காளத்து வீடுகளில் சாவு விழும் என்று யாரால் கணித்திருக்க முடியும்? தொட்டியின் கொள்ளளவையும் சுவரின் பலத்தையும் கணித்திருக்கலாம், அது கணிக்கக்கூடியதுதான்.

எளிய வழி ஒன்று சங்கிலியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தோலை ஊறவைப்பதற்கு முன், மரச்சட்டத்தின் மேல் ஓங்கி அடித்து உதறினால், ஒட்டியிருக்கும் உப்பில் ஒரு பங்கு காய்ந்தபடியே உதிர்ந்துவிடும். தண்ணீரில் கரைந்த ஒரு கிலோ உப்பைப் பிரிக்கச் சவ்வும் கொதிகலனும் வேண்டும். உதறுவதற்கு இரண்டு ஆளும் ஒரு சட்டமும் போதும். எந்தப் புறவிளைவிலும் இதே கதைதான்: கலப்பதற்கு முன் பிடிப்பதற்கு ஆகும் செலவு கலந்த பின் பிரிப்பதற்கு ஆவதில் ஒரு துளி.

மணலை எடுத்தால் தண்ணீர் ஏன் போகிறது

மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பிவிட்டார். ஆறு இன்னும் பாக்கி. பாலாற்றின் 348 கிலோமீட்டரில் 222 தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஆனால் தலை கர்நாடகத்தில், கழுத்து ஆந்திரத்தில். மேலே கோலார் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் இங்கே வெள்ளம். 1892-லேயே சென்னை மாகாணமும் மைசூரும் இதற்கு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 1903 நவம்பரில் மேலே ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. மேலே தேக்குவதும் கீழே இருப்பவரைத் தொடும், தேக்கியது உடைவதும் கீழே இருப்பவரைத் தொடும்.

ஆனால் இங்கே சொல்ல வந்தது மணலைப் பற்றி. பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் ஓடிய ஆறு. படுகையில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குப் பாய்ச்சிய ஊர்கள் இவை. மணலுக்குள் நீர் இருப்பது துகள்களுக்கு நடுவிலுள்ள சந்தில். ஒரு கன மீட்டர் ஈர மணலிலிருந்து வடித்து எடுக்கக்கூடிய நீர் ஏறக்குறைய 200 லிட்டர். மூன்று யூனிட் லாரி என்றால் 300 கன அடி, அதாவது எட்டரை கன மீட்டர். அந்த ஒரு லோடு மணல் படுகையில் இருந்திருந்தால், ஒவ்வொரு முறை ஆறு வரும்போதும் 1,700 லிட்டர் பிடித்து வைத்திருக்கும். லோடு ஒரு முறை விற்கும், 1,700 லிட்டர் ஒவ்வொரு முறையும் போகும்.

ஆற்றில் போனால் போகட்டும், ஆழமாகப் போர் போட்டுக்கொள்ளலாம் என்பது பலர் எடுக்கும் அடுத்த முடிவு. இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. பாறையில் நீர் நிற்பது வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும் மட்டும். ஒரு கன மீட்டருக்கு 10 முதல் 30 லிட்டர் கிடைத்தாலே நல்ல இடம். ஒரு மீட்டர் மணலை இழந்தால் அதற்கு ஈடாக ஏழு முதல் இருபது மீட்டர் பாறை வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து 800 அடி, 1,000 அடி என்று இறக்கியும் புழுதி மட்டும் பறக்கும் காரணம் இதுதான். ஆழம் கூடக் கூட வெடிப்பு குறைகிறது. கட்டடத்துக்கு ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்தது நல்ல மாற்றம். ஆனால் அதுவும் மலையை உடைத்து வருவது. மலையடிவாரத்து ஓடைகளில் கல்மாவு படிந்தால் நீர் உள்ளே இறங்காது. தொல்லை ஆற்றிலிருந்து குன்றுக்கு வீடு மாறுகிறது.

ஒரு ஏக்கர் நெல்லின் நீளம்

தொழிற்சாலைக்காரர் மட்டும்தான் புறவிளைவு உண்டாக்குவார் என்று நினைத்துவிடக் கூடாது. வேலூர் பக்கம் ஆண்டுக்கு 950 மில்லிமீட்டர் மழை என்று கொள்வோம். ஒரு ஏக்கரில் விழுவது 38 லட்சம் லிட்டர். கடினப் பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குப் போனால் 3.8 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். வயலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கீழே இறங்குகிறது என்று கழித்தாலும், கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல் எட்டு ஏக்கரின் மழைச் சேமிப்பைக் குடிக்கிறது. அந்த எட்டில் ஏழு ஏக்கர் மற்றவர்களுடையது. நெல் போட்டவர் யாருடைய வேலியையும் தாண்டவில்லை, ஒரு சொட்டும் திருடவில்லை. அவருடைய மோட்டார் மட்டும் நிலத்துக்கு அடியில் தாண்டியது. ஒருவர் செய்தால் தெரியாது, ஊரே செய்தால் கிணறு வற்றும். பிறகு ஒவ்வொருவரும் நூறடி ஆழம் கூட்டுவார்கள், கூட்ட முடியாதவர் முதலில் விழுவார்.

இதன் நல்ல பக்கமும் இங்கேயே இருக்கிறது. நாகநதிப் படுகையில் 2014-ஐ ஒட்டித் தொடங்கி, நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் ஓடைகளில் கல்தடுப்புகளும் மீள்நிரப்புக் கிணறுகளும் அமைத்தார்கள். கல்தடுப்பு நீரின் வேகத்தைக் கொல்லும். உறை இறக்கிய குழி, மேலே களிமண் இருந்தாலும் அதைத் தாண்டி நீரைக் கீழே சேர்க்கும். குழி வெட்டியவர் வேறு, கிணறு ஊறியவர் வேறு. பலனும் இப்படித்தான் வேலி தாண்டும். இதில் கெடுவது இரண்டு இடத்தில். குழிக்கு முன்னால் வண்டல் தங்கிப் படிய ஒரு பள்ளம் விடாவிட்டால் இரண்டே மழையில் சேறு அடைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் மழைக்கு முன் வாரியே ஆக வேண்டும். இன்னொன்று, சாக்கடையோ ஷாப்புக் கழிவோ கலக்கும் ஓடையில் இந்தக் குழியை வெட்டவே கூடாது. மண் வடிகட்டிக் கொஞ்சமாக இறங்கியிருக்கும் அழுக்கை, குழாய் போட்டு நேராகக் கிணற்றுக்கு அனுப்பியது போலாகும்.

ஒரு முடிவைத் தொடர்ந்து போவது எப்படி

வீட்டிலோ ஊரிலோ ஒரு முடிவு எடுக்கும்போது கேட்க வேண்டியவை சிலதான். இதிலிருந்து வெளியே போவது என்ன, கரையுமா, மட்குமா, அப்படியே கிடக்குமா? அது போகிற வழியில் யார் இருக்கிறார்? போய்ச் சேர எத்தனை வருடம்? எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும்? தப்பு என்று தெரிந்த பிறகு திருப்ப முடியுமா? கடைசிக் கேள்விக்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும். அடுத்த போகத்தில் நெல்லை விட்டு நிலக்கடலைக்கு மாறலாம். அள்ளிய மணலைத் திரும்பப் போட முடியாது. திருப்ப முடிந்த முடிவைத் துணிந்து எடுத்துப் பார்க்கலாம், திருப்ப முடியாததற்கு மட்டும் ஊரைக் கூட்டினால் போதும்.

உங்கள் கிணறு யாருடைய முடிவையாவது சுமக்கிறதா என்று பார்க்கச் செலவு அதிகமில்லை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த நீர் போன பிறகு, சுத்தமான பாட்டிலை அந்த நீராலேயே மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் விளிம்புவரை பிடியுங்கள். தேதி, கிணற்றின் பெயர், நீர்மட்ட ஆழம் மூன்றையும் ஒட்டி, அன்றைக்கே பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிடுங்கள். வேளாண் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். அறிக்கையில் மின்கடத்துதிறன் என்று ஒரு எண் இருக்கும், அதை டெசிசீமன்ஸ்/மீட்டர் (dS/m) அளவில் பாருங்கள். 0.7-க்குள் என்றால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 3 வரை பயிர் பார்த்துப் போட வேண்டும். 3-ஐத் தாண்டினால் நெல் விளைச்சல் நன்றாக அடிபடும். அந்த எண்ணை 640-ஆல் பெருக்கினால் டி.டி.எஸ். தோராயமாகக் கிடைக்கும். அதோடு சோடியம் விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். மண் பொருக்குக் கட்டப் போகிறதா என்பதை அதுதான் காட்டும்.

புரட்டாசியில் ஒருமுறை, தையில் ஒருமுறை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒப்பிடும்போது இந்த வருடப் புரட்டாசியைப் போன வருடப் புரட்டாசியோடும், தையைத் தையோடும் மட்டும் வைத்துப் பாருங்கள். புரட்டாசியையும் தையையும் பக்கத்தில் வைத்தால் கிணறு தேறிவிட்டது போலத் தோன்றும். அது ஐப்பசி மழை.